ஆலை ஊருக்கு ஆட வந்து பிரபு ஆனவர்

இங்கிலாந்தின் பிரபுக்கள் சபைக்கு 1969-ம் ஆண்டு ஒரு புதிய உறுப்பினர் வந்தார். கறுப்பு இனத்தைச் சேர்ந்த ஒருவர் ஆயுட்காலப் பிரபுவாக நியமிக்கப்பட்டது அதுவே முதல் தடவை. அவருடைய பட்டத்தோடு இரண்டு ஊர்களின் பெயர்கள் சேர்க்கப்பட்டிருந்தன. ஒன்று மரவால். அது அவர் பிறந்து வளர்ந்த டிரினிடாட் தீவில் இருக்கிறது. மற்றொன்று நெல்சன். அது அவர் பிழைப்புக்காகப் போன பஞ்சாலை ஊர். வட இங்கிலாந்தில் இருக்கிறது.

அவர்தான் லியரி கான்ஸ்டன்டைன். மேற்கு இந்தியத் தீவுகளின் கிரிக்கெட் வீரர். சம்பளத்துக்கு ஆடியவர். பிறகு பி.பி.சி. வானொலியில் பேசியவர். வக்கீல், மந்திரி, தூதர் என்று பல பதவிகளைக் கண்டவர்.

டெஸ்ட் ஆட்டக் கணக்கை மட்டும் எடுத்துப் பார்த்தால் அவர் பெயர் பட்டியலில் கீழேதான் இருக்கும். 18 டெஸ்டுகளில் 635 ரன்கள், 58 விக்கெட்டுகள், அவ்வளவுதான். அவரைவிட அதிகமாக ரன் குவித்தவர்களும் விக்கெட் எடுத்தவர்களும் ஏராளம். ஆனாலும் அவர் பெயர் நிலைத்தது. ஆட்டத்தில் கிடைத்த பேரையும் புகழையும் அவர் எதற்குப் பயன்படுத்தினார் என்பதில்தான் அதற்குக் காரணம் இருக்கிறது.

அடிமையின் பேரன்

கான்ஸ்டன்டைன் 1901-ம் ஆண்டு செப்டம்பர் 21-ந் தேதி டிரினிடாடில் பிறந்தார். அப்போது அந்தத் தீவு வெள்ளையர் ஆட்சியில் இருந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினரும், இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களும் அங்கே பெருந்தொகையாக வாழ்ந்தார்கள். கான்ஸ்டன்டைனின் தாய்வழிப் பாட்டனார் அடிமையாக இருந்தவர்.

தந்தை லெப்ரன் கான்ஸ்டன்டைன் கோகோ தோட்டத்தில் மேஸ்திரி. நல்ல கிரிக்கெட் ஆட்டக்காரர். 1900-ம் ஆண்டு இங்கிலாந்து சென்ற மேற்கு இந்திய அணிக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் பயணத்துக்கு வேண்டிய பணம் கையில் இல்லை. அணி கப்பல் ஏறிய அன்று அவர் ஊரிலேயே நின்றுவிட்டார். அதைக் கண்ட ஊர்க்காரர்கள் அவசரமாகப் பணம் திரட்டினார்கள். அதற்குள் கப்பல் புறப்பட்டுவிட்டது. அவரை ஒரு விசைப்படகில் ஏற்றி விரட்டிப் போய்க் கப்பலில் சேர்த்தார்கள். அந்தப் பயணத்தில் லார்ட்ஸ் மைதானத்தில் அவர் 113 ரன் எடுத்தார். இங்கிலாந்து மண்ணில் மேற்கு இந்தியர் ஒருவர் அடித்த முதல் சதம் அது.

தாய்மாமன் விக்டர் பாஸ்கலும் மேற்கு இந்திய அணிக்கு ஆடிய சுழல்பந்து வீரர். வீட்டு முற்றத்தில் நடந்த பயிற்சியில் தாயாரும் விக்கெட் காத்தார். பேட்டுக்குத் தென்னை மட்டை, பந்துக்கு ஆரஞ்சுப் பழம் என்று சிறுவர்கள் ஆடினார்கள். கிடைத்ததைக் கொண்டு பிடித்துப் பழகிய கைகள்தான் பின்னாளில் உலகிலேயே சிறந்த பீல்டர்களில் ஒருவர் என்ற பெயரை வாங்கித் தந்தன.

குமாஸ்தா வேலை

பள்ளிப் படிப்பு முடிந்ததும், 1917-ம் ஆண்டு ஒரு வக்கீல் அலுவலகத்தில் கான்ஸ்டன்டைன் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். முதலில் ஒரு தொழிலில் காலூன்றட்டும், ஆட்டம் பிறகு என்பது தந்தையின் எண்ணம். ஆகவே 1920-ம் ஆண்டு வரை மகன் பெரிய கிளப்புகளில் ஆட அவர் சம்மதிக்கவில்லை.

குமாஸ்தாவாக எத்தனை வருடம் உழைத்தாலும் கறுப்பு நிறத்தவர் அந்த நாளில் மேலே போவது கடினம். வக்கீலாக வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. அதற்கான படிப்புக்குப் பணமும் இல்லை; வழிகாட்ட ஆளும் இல்லை.

கிரிக்கெட்டிலும் இதே கதைதான். டிரினிடாடில் நிறத்துக்கு ஒரு கிளப் இருந்தது. வெள்ளையருக்கு ஒன்று, வெளிர் நிறக் கலப்பினத்தவருக்கு ஒன்று, கூலி வேலைக்காரர்களுக்கு ஒன்று. ஆசிரியர், குமாஸ்தா போன்ற உத்தியோகம் பார்த்த கறுப்பர்களுக்கு ஷானன் என்ற கிளப். கான்ஸ்டன்டைன் ஷானன் கிளப்பின் ஆட்டக்காரர். மேற்கு இந்திய அணியின் கேப்டன் பதவியோ வெள்ளையருக்கே என்று எழுதாத சட்டம் இருந்தது.

1923-ம் ஆண்டு அவர் மேற்கு இந்திய அணியோடு இங்கிலாந்து போனார். அவருடைய பீல்டிங்கைப் பலரும் பாராட்டினார்கள். ஊர் திரும்பியபோது நிலையான வேலை இல்லை. தற்காலிக வேலைகள் சில பார்த்தார். பிறகு ஓர் எண்ணெய்க் கம்பெனியில் குமாஸ்தா வேலை கிடைத்தது. 1927-ம் ஆண்டு நார்மா என்ற பெண்ணை மணந்தார். அடுத்த ஆண்டு மகள் குளோரியா பிறந்தாள்.

குடும்பம் வந்துவிட்டது. ஊரில் முன்னேற வழியில்லை. இங்கிலாந்தில் சம்பளத்துக்கு ஆடும் ஒப்பந்தம் கிடைத்தால்தான் விடிவு என்று முடிவு செய்தார். 1928-ம் ஆண்டு மறுபடியும் அணியோடு கப்பல் ஏறியபோது அந்த எண்ணம்தான் அவர் மனதில் இருந்தது.

லார்ட்ஸ் மைதானத்தில் நடந்தது

அந்த ஆண்டு ஜூன் மாதம் லார்ட்ஸ் மைதானத்தில் மிடில்செக்ஸ் அணியோடு ஓர் ஆட்டம். மிடில்செக்ஸ் 6 விக்கெட்டுக்கு 352 ரன் எடுத்து ஆட்டத்தை முடித்துக்கொண்டது. பதிலுக்கு ஆடிய மேற்கு இந்திய அணி 79 ரன்னுக்கு 5 விக்கெட் இழந்து தத்தளித்தது. அப்போது கான்ஸ்டன்டைன் உள்ளே வந்தார். 18 நிமிடத்தில் 50 ரன்னைத் தாண்டினார். ஒரு மணி நேரம் ஆவதற்குள் 86 ரன் குவித்தார்.

அடுத்து அவர் பந்து வீசியபோது மிடில்செக்ஸ் 136 ரன்னில் சுருண்டது. 57 ரன் கொடுத்து 7 விக்கெட்டுகளை அவரே சாய்த்தார். வெற்றிக்கு 259 ரன் வேண்டும். மேற்கு இந்திய அணி மறுபடியும் 121 ரன்னுக்கு 5 விக்கெட் இழந்தது. மறுபடியும் கான்ஸ்டன்டைன் வந்தார். ஒரு மணி நேரத்தில் 103 ரன் அடித்தார். 3 விக்கெட் வித்தியாசத்தில் வெற்றி கிடைத்தது.

அந்த ஆண்டு தான் மேற்கு இந்தியத் தீவுகள் முதன்முதலாக டெஸ்ட் ஆடின. டெஸ்டுகளில் கான்ஸ்டன்டைன் பெரிதாகச் சோபிக்கவில்லை. ஆனால் சுற்றுப்பயணம் முழுவதிலும் சேர்த்து 1,381 ரன்களும் 107 விக்கெட்டுகளும் எடுத்தார். அவர் எதிர்பார்த்தது நடந்தது. லங்காஷயரில் உள்ள நெல்சன் கிளப் அவரை வேலைக்கு அழைத்தது.

நெல்சனில் 9 பருவங்கள்

நெல்சன் ஒரு சிறிய ஊர். வாரம் முழுவதும் பஞ்சாலைகளில் உழைக்கும் மக்கள் சனிக்கிழமை பிற்பகலில் கிரிக்கெட் மைதானத்தில் கூடுவார்கள். லங்காஷயர் லீக்கில் ஒரு கிளப்புக்குச் சம்பள ஆட்டக்காரர் ஒருவர்தான். மற்ற 10 பேரும் உள்ளூர்வாசிகள், வேலை முடிந்து வந்து ஆடுகிறவர்கள். ஆகவே சம்பளம் வாங்குகிறவர் ரன்னும் அடிக்க வேண்டும், விக்கெட்டும் எடுக்க வேண்டும், இளைஞர்களுக்குச் சொல்லியும் கொடுக்க வேண்டும். அவர் நன்றாக ஆடினால் கூட்டத்தில் தொப்பியோ பெட்டியோ சுற்றி வரும். ஆலைத் தொழிலாளிகள் சில்லறை போடுவார்கள். ஆடாவிட்டால் முணுமுணுப்பும் அவருக்குத்தான்.

கான்ஸ்டன்டைன் 1929-ம் ஆண்டு அங்கே போய்ச் சேர்ந்தார். ஊரில் பலர் அதுவரை கறுப்பு மனிதரைப் பார்த்ததே இல்லை. தெருவில் போனால் வேடிக்கை பார்த்தார்கள். சிறுவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். வசைக் கடிதங்களும் வந்தன. குளிரும் தனிமையும் சேர்ந்து வாட்டின. திரும்பிப் போய்விடலாமா என்ற எண்ணமும் அவருக்கு எழுந்தது. ஒப்பந்தக் காலத்தை முடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று மனைவி நார்மா உறுதியாக நின்றார்.

அந்த உறுதி வீண்போகவில்லை. 1937-ம் ஆண்டு வரை 9 பருவங்கள் கான்ஸ்டன்டைன் நெல்சனுக்கு ஆடினார். அதில் 7 தடவை லீக் பட்டம் நெல்சனுக்கே. 1934-ம் ஆண்டு அக்ரிங்டன் அணிக்கு எதிராக 10 ரன் கொடுத்து 10 விக்கெட்டுகளையும் அவர் ஒருவரே எடுத்தார். அவர் ஆடப் போன ஊரிலெல்லாம் கூட்டம் நிரம்பி வழிந்தது. கிளப்பின் வருமானம் பெருகியது.

மெரிடித் தெருவில் இருந்த அவர் வீடு, ஊரிலிருந்து வருகிறவர்களுக்குத் தங்கும் இடமாகவும் இருந்தது. 1932-ம் ஆண்டு டிரினிடாடிலிருந்து வந்த சி.எல்.ஆர். ஜேம்ஸ் என்ற இளைஞருக்கு அந்த வீட்டில் இடம் கிடைத்தது. இருவரும் சேர்ந்து கான்ஸ்டன்டைனின் முதல் புத்தகத்தை எழுதினார்கள். தாய்நாட்டின் சுயாட்சி பற்றி ஜேம்ஸ் எழுதிய நூல் அச்சாகவும் கான்ஸ்டன்டைன் பண உதவி செய்தார். ஜேம்ஸ் பின்னாளில் பெரிய எழுத்தாளர் ஆனார்.

வேடிக்கை பார்த்த ஊர் நாளடைவில் அவரைச் சொந்தம் கொண்டாடியது. நெல்சனுக்கு ஆடுவதை நிறுத்திய பிறகும் 1949-ம் ஆண்டு வரை குடும்பம் அங்கேயே வாழ்ந்தது. 1938-ம் ஆண்டு அதே நெல்சன் கிளப்புக்குச் சம்பள ஆட்டக்காரராகப் போனவர் நம் லாலா அமர்நாத். 1981-ம் ஆண்டு கபில்தேவும் அங்கே ஆடினார். அந்தப் பாதையில் முதலில் நடந்து காட்டியவர் கான்ஸ்டன்டைன்.

மைக் முன்னால்

1939-ம் ஆண்டு அவர் கடைசியாக டெஸ்ட் ஆடினார். ஓவல் மைதானத்தில் நடந்த அந்த ஆட்டத்தில் 75 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்து, பிறகு 79 ரன்னும் விளாசினார். அப்போது வயது 37. சில நாட்களில் உலகப் போர் மூண்டது.

போர்க்காலத்தில் ஆயுதத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்க மேற்கு இந்தியத் தீவுகளிலிருந்து தொழிலாளர்கள் வரவழைக்கப்பட்டார்கள். லிவர்பூல் பகுதியில் அவர்களின் நலனைக் கவனிக்கும் அதிகாரியாகத் தொழிலாளர் இலாகா கான்ஸ்டன்டைனை நியமித்தது. கறுப்பருக்கு வாடகைக்கு அறை கொடுக்க மறுத்தவர்கள் இருந்தார்கள். பக்கத்தில் நின்று வேலை செய்ய மறுத்தவர்களும் இருந்தார்கள். முதலாளியிடமும் தொழிற்சங்கத்திடமும் வீட்டுக்காரர்களிடமும் பேசிச் சமாதானம் செய்வது அவர் வேலை. நெல்சனில் பெற்ற அனுபவமும், ஆட்டத்தால் கிடைத்த பெயரும் அதற்குக் கைகொடுத்தன.

அந்த நாட்களில்தான் அவர் வானொலிக்கு வந்தார். மேற்கு இந்தியத் தீவுகளுக்கென்று பி.பி.சி. தனி நிகழ்ச்சி ஒலிபரப்பி வந்தது. ஜமைக்காவைச் சேர்ந்த கவிஞர் யூனா மார்சன் என்ற பெண்மணி அதைத் தயாரித்தார். இங்கிலாந்தில் இருக்கும் சிப்பாய்களும் தொழிலாளிகளும் அதன் மூலம் வீட்டாருக்குச் செய்தி சொன்னார்கள். கடல் கடந்து போன பிள்ளையின் குரலைக் கேட்க ரேடியோ பெட்டியைச் சுற்றி ஊர் கூடும். அங்கே வேலை செய்கிறவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பதைக் கான்ஸ்டன்டைன் எடுத்துச் சொன்னார். 1943-ம் ஆண்டு வெளிவந்த ஓர் அரசாங்கச் செய்திப் படத்திலும் அவர் தோன்றிப் பேசினார்.

இங்கிலாந்து நேயர்களுக்காகவும் அவர் பேசினார். கறுப்பு நிறத்தவர் படும் அவமானங்களை அவர்கள் வீட்டுக்குள்ளேயே கொண்டுபோய்ச் சொன்னார். பேச்சில் ஆத்திரம் இருக்காது, அழுகையும் இருக்காது. நடந்ததை நடந்தபடி நிதானமாகச் சொல்வார். அவர் ஆட்டத்தைப் பார்த்துக் கைதட்டியவர்கள்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதனால் அந்தக் குரலுக்கு ஒரு மதிப்பு இருந்தது. போருக்குப் பிறகு கிரிக்கெட் வர்ணனையும் ஆட்டம் பற்றிய பேச்சுகளும் சேர்ந்துகொண்டன. பத்திரிகைகளிலும் எழுதினார்.

ஓட்டலில் இடம் இல்லை

1943-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி நடந்த ஒரு சம்பவம் அவர் வாழ்க்கையின் திருப்புமுனை. லார்ட்ஸ் மைதானத்தில் நடக்கவிருந்த ஆட்டத்தில் மேற்கு இந்திய அணிக்குத் தலைமை தாங்க அவர் லண்டன் வந்தார். மனைவியும் மகளும் உடன் வந்தார்கள். ரஸ்ஸல் சதுக்கத்தில் உள்ள இம்பீரியல் ஓட்டலில் 4 நாளைக்கு அறை பதிவு செய்திருந்தார். தன் நிறத்தைச் சொல்லி, ஏதாவது ஆட்சேபணை உண்டா என்று முன்கூட்டியே விசாரித்தும் இருந்தார். ஆட்சேபணை இல்லை என்று பதில் வந்திருந்தது.

வந்து இறங்கியதும், ஓர் இரவுக்கு மேல் தங்கக் கூடாது என்று சொன்னார்கள். ஓட்டலில் அமெரிக்கர்கள் நிறையப் பேர் தங்கியிருந்தார்கள்; கறுப்பர் தங்கினால் அவர்கள் போய்விடுவார்கள் என்று காரணம் காட்டினார்கள். இழிசொல்லும் வந்தது. கான்ஸ்டன்டைன் சண்டை போடவில்லை. குடும்பத்தை அழைத்துக்கொண்டு வேறு ஓட்டலுக்குப் போனார். லார்ட்ஸுக்குப் போய் ஆட்டத்தையும் ஆடினார். பிறகு கோர்ட்டில் வழக்குப் போட்டார்.

நிறத்தைக் காட்டி ஒருவரை ஒதுக்குவது குற்றம் என்று அந்த நாளில் இங்கிலாந்தில் சட்டமே கிடையாது. ஆனால் பழைய வழக்கச் சட்டம் ஒன்று இருந்தது. இடம் இருக்கும்போது, தக்க காரணம் இல்லாமல் ஒரு வழிப்போக்கருக்குத் தங்க இடம் மறுக்க விடுதிக்காரருக்கு உரிமை இல்லை என்பது அந்தச் சட்டம். அதை வைத்துத்தான் வழக்கு நடந்தது. 1944-ம் ஆண்டு ஜூன் மாதம் நீதிபதி பிர்க்கெட் தீர்ப்புச் சொன்னார். கான்ஸ்டன்டைன் பக்கமே நியாயம் என்றார். நஷ்டஈடு 5 கினி, அதாவது 5 பவுன் 5 ஷில்லிங்.

தொகை பெயரளவுதான். ஆனால் விஷயம் பாராளுமன்றம் வரை போயிற்று. நாடு முழுவதும் பேசப்பட்டது. புகழ்பெற்ற ஆட்டக்காரருக்கே இந்த கதி என்றால் பெயர் தெரியாத தொழிலாளியின் பாடு என்ன என்ற கேள்வி எழுந்தது. அந்தக் கேள்வியை எழுப்பத்தான் அவர் கோர்ட்டுக்குப் போனார்.

அடுத்த ஆண்டு லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்தை எதிர்த்து டொமினியன் நாடுகளின் அணி ஆடியது. கேப்டனாக இருக்க வேண்டிய ஆஸ்திரேலியர் ஹாசெட் உடல்நலமின்றிப் போக, அணியினர் கான்ஸ்டன்டைனைத் தலைவராக்கினார்கள். மற்ற அனைவரும் வெள்ளையர்கள். 45 ரன் வித்தியாசத்தில் அவர் அணி வென்றது.

வக்கீல், மந்திரி, தூதர்

குமாஸ்தாவாக இருந்தபோது எட்டாத வக்கீல் படிப்பை அவர் மறக்கவில்லை. வேலைக்கும் வானொலிக்கும் இடையே நேரம் ஒதுக்கிப் படித்தார். அது எளிதாக வரவில்லை. ஆனாலும் விடவில்லை. 1954-ம் ஆண்டு, 50 வயதைத் தாண்டிய பிறகு பாரிஸ்டர் ஆனார். அதே ஆண்டு நிறபேதத்தைப் பற்றி ஒரு புத்தகமும் வெளியிட்டார்.

பிறகு டிரினிடாட் திரும்பினார். முன்பு குமாஸ்தாவாக இருந்த எண்ணெய்க் கம்பெனியிலேயே சட்ட அதிகாரியாகச் சேர்ந்தார். எரிக் வில்லியம்ஸ் தொடங்கிய கட்சியின் சேர்மன் ஆனார். 1956-ம் ஆண்டு தேர்தலில் வென்று போக்குவரத்து, மராமத்து இலாகாக்களின் மந்திரியானார். 1961-ம் ஆண்டு லண்டனில் டிரினிடாடின் ஹை கமிஷனராக நியமிக்கப்பட்டார். 1962-ம் ஆண்டு நாடு சுதந்திரம் அடைந்தது. அதே ஆண்டு அவருக்கு சர் பட்டமும் கிடைத்தது.

பஸ் கண்டக்டர் வேலை

1963-ம் ஆண்டு பிரிஸ்டல் நகரத்தில் ஒரு பிரச்சினை கிளம்பியது. அந்த நகரத்துப் பஸ்களில் கறுப்பரையும் ஆசியர்களையும் டிரைவர், கண்டக்டர் வேலைக்கு எடுப்பதில்லை என்று பஸ் கம்பெனி சொன்னது. அங்கே குடியேறியிருந்த மேற்கு இந்திய இளைஞர்கள் பஸ் மறியல் தொடங்கினார்கள்.

மேற்கு இந்திய அணியின் ஆட்டத்தைப் பார்க்க பிரிஸ்டல் போன கான்ஸ்டன்டைன், மறியலை வெளிப்படையாக ஆதரித்துப் பத்திரிகைகளுக்குப் பேசினார். நகர மேயரையும் சந்தித்தார். ஒரு தூதர் இன்னொரு நாட்டின் உள்விவகாரத்தில் தலையிடுவது வழக்கமல்ல. அது அவருக்கும் தெரியும். ஓட்டல் வழக்கு நடந்து 20 ஆண்டு ஆகியும் அதே அவமானம் தொடர்வதைக் கண்டு அவரால் பேசாமல் இருக்க முடியவில்லை.

ஆகஸ்ட் மாதம் பஸ் கம்பெனி பணிந்தது. அடுத்த மாதம் வேலையில் சேர்ந்த வெள்ளையர் அல்லாத முதல் கண்டக்டர் ஒரு சீக்கியர். ஆனால் தூதர் எல்லை மீறிவிட்டார் என்று டிரினிடாட் அரசாங்கம் நினைத்தது. 1964-ம் ஆண்டு தொடக்கத்தில் கான்ஸ்டன்டைன் பதவியை விட்டு விலகினார்.

பதவி போனதால் அவர் ஓய்ந்துவிடவில்லை. வக்கீல் தொழில், எழுத்து, வானொலி என்று லண்டனிலேயே தங்கினார். 1965-ம் ஆண்டு நிறபேதத்துக்கு எதிரான முதல் சட்டத்தை இங்கிலாந்து கொண்டுவந்தது. அதைச் செயல்படுத்த அமைத்த வாரியத்தில் அவரும் ஓர் உறுப்பினர். 1968-ம் ஆண்டு பி.பி.சி.யின் ஆட்சிக் குழுவில் ஒருவராக நியமிக்கப்பட்டார். மைக் முன்னால் பேசப் போன இடத்தில் நிர்வாகியாக அமர்ந்தார். மறு ஆண்டு பிரபு பட்டம் வந்தது.

உடல்நலம் அப்போதே குன்றியிருந்தது. 1971-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி லண்டனில் மாரடைப்பால் காலமானார். வயது 69. உடல் டிரினிடாடுக்குக் கொண்டுசெல்லப்பட்டு அரசாங்க மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டது. அந்த நாட்டின் மிக உயர்ந்த விருது அவர் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் நினைவுப் பிரார்த்தனை நடந்தது. முதல் ஆண்டிலேயே திரும்பிவிடலாம் என்று அவர் சோர்ந்தபோது தடுத்து நிறுத்திய நார்மா, இரண்டே மாதத்தில் அவரைப் பின்தொடர்ந்தார்.

நெல்சன் நகரத்து மெரிடித் தெருவில் அவர்கள் வாழ்ந்த வீட்டில் இப்போது ஒரு நினைவுப் பலகை பதித்திருக்கிறார்கள்.